முதல்ல தண்ணிக்கு வழி விடுங்க!

(‘பிச்சாவரத்துக்கு இன்று தேவை விரிவாக்கமா, சீரமைப்பா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘சீரமைப்பே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது போல அடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்க்கிற தாய்மார்களே, பெரியோர்களே! (சிரிப்பு)

ஐயா, இந்த மேடையில் பிச்சாவரத்துக்கு விரோதி ஒருத்தரும் இல்லை. ஆறு பேர் பேசுகிறோம், ஆறு பேரும் ரசிகர்கள். ஆனா ரசிகர்கள்ல ரெண்டு வகை உண்டு. படம் பிரமாதம், இன்னும் நாலு பாட்டு சேருங்கன்னு கேக்கிறவன் ஒருத்தன். பாட்டு போதும்ப்பா, தியேட்டர்ல ஃபேன் ஓடலையே, அதை முதல்ல பாருன்னு சொல்றவன் இன்னொருத்தன். நான் ரெண்டாவது ஆளு. (கைதட்டல்)

எதிரணித் தலைவர் கடலூர்க்காரர். அவர் விரிவாக்கம், விரிவாக்கம்னு பேசினதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. விரிவாக்கத்துல கடலூருக்கு முன்னூறு வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கு. 1690-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்கிட்டேருந்து விலைக்கு வாங்கினான். கோட்டையோட சுத்தி இருக்கிற நிலமும் சேர்த்தி. நிலம் எவ்வளவு? வேலி கிடையாது, சங்கிலி போட்டு அளக்கிறது கிடையாது. பீரங்கியை வச்சுச் சுடு, குண்டு எது வரைக்கும் போய் விழுதோ அது வரைக்கும் உனக்கு. அதுதான் பேச்சு! அந்த எல்லைக்குள்ள அடங்கின ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள்னே பேர் வந்துடுச்சு. நம்ம அண்ணன் இன்னிக்கு என்ன கேட்டாரு? கேபிள் கார் கேட்டாரு. கண்ணாடிப் பாலம் கேட்டாரு. அலை அடிக்கிற நீச்சல் குளம் கேட்டாரு. ஐயா, கடலுக்குப் பக்கத்துல அலை அடிக்கிற குளம்! நான் பயந்துகிட்டே உக்காந்திருந்தேன், குண்டு எங்கே வந்து விழுமோன்னு. (சிரிப்பு, கைதட்டல்)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர். வெள்ளாறு ஒரு பக்கம் கடலில் கலக்கிறது, கொள்ளிடம் ஒரு பக்கம் கலக்கிறது. நடுவில் இருக்கிற உப்பங்கழியில் ஒரு காடு. ஈரான் நாட்டில் ராம்சார் என்ற ஊரில் 1971-ல் ஈரநிலங்களுக்காக ஒரு உலக ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பட்டியலில் 2022-ல் நம்ம பிச்சாவரமும் சேர்ந்தது, 1,478 ஹெக்டேர். நம்ம ஊருக்கு இந்தக் காட்டைப் பரிச்சயம் பண்ணி வைத்தது ராம்சார் இல்லை, அது வேற விஷயம். 1975-ல் ‘இதயக்கனி’ வந்தது, மக்கள் திலகம் இந்தக் கால்வாய்க்குள்ளே வந்தார், அதோடு முடிந்தது. எங்க ஊருப் பெரியவங்க இன்னும் அதைச் சொல்லித்தான் படகில் ஏறுவாங்க. (கைதட்டல்)

இந்தக் காட்டில் சுரபுன்னை என்று ஒரு மரம். அதன் விதை கீழே விழுந்து முளைக்காது. விழுந்தால் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடும், உப்பு தின்னுடும். அதனால தாய் மரத்துலேயே முளைக்குது. முருங்கைக்காய் மாதிரி நீளமாத் தொங்குதே, அது காய் இல்லைங்க, பிள்ளை! மரம் தன் பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்து, இனிமே இது பிழைச்சுக்கும் என்று தெரிந்த பிறகுதான் சேற்றில் இறக்கி விடுகிறது. நம்ம வீட்டுல முப்பது வயசு வரைக்கும் இடுப்புலேயே வச்சிருக்கோம், அது வேற கதை. (பலத்த சிரிப்பு)

இப்படிப்பட்ட இடத்தில் குறை என்ன? எதிரணி ஒரு பட்டியல் படித்தது. லீவு நாளில் காத்திருக்கணும், வெயில்ல நிழல் வேணும், கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு வசதி வேணும். நியாயம், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு மருந்து விரிவாக்கம்னாங்க பாருங்க, அங்கேதான் இடிக்குது. ஐயா, பசிக்கிறவனுக்குப் பெரிய இலையைப் போட்டாப் போதுமா? சோறு வேண்டாமா?

இந்தக் காட்டின் அமைப்பிலேயே மனுஷன் வைத்த ஒரு குறை உண்டு. அதைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரை இந்தக் காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறை வைத்து, ஒரு பாத்தியை அடியோடு வெட்டுவது, அடுத்த தரம் அடுத்த பாத்தி என்று வெட்டினார்கள். வெட்டினது மறுபடி வளரும் என்று கணக்கு. பேப்பர்ல கணக்கு சரிதான். வளரவில்லை! ஏன்? மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. ஈரம் போனதும் மண் அமுங்கியது. அமுங்கின இடம் தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது. நம்ம கரையில் ஓதம் சின்னது, கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் கூட இருக்காது. ஏறுகிற தண்ணி அந்தத் தாம்பாளத்துக்குள் வந்துவிடும், திரும்பிப் போக வழி இல்லை. அங்கேயே நின்று காயும். தண்ணி ஆவியாகப் போகும், உப்பு மட்டும் தங்கும். மறுநாளும் தண்ணி, மறுநாளும் உப்பு. கடைசியில் உப்புத் தண்ணியிலேயே பிறந்த மரமே அங்கே முளைக்க முடியாத அளவுக்கு உப்பு!

இதுக்கு மருந்து என்ன பண்ணினாங்க? இன்னும் ஆயிரம் ஏக்கர் சேர்த்தாங்களா? இல்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இங்குள்ள கிராமத்து ஜனங்களும் சேர்ந்து கால்வாய் வெட்டினார்கள். எப்படி? மீன் சாப்பிட்டு முடித்தால் தட்டில் ஒரு முள் மிச்சம் இருக்குமே, அந்த வடிவத்தில். நடுவில் ஒரு பெரிய கால்வாய், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னக் கால்வாய்கள். ஓதம் ஏறும்போது தண்ணி உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். அவ்வளவுதான். உப்பு கழுவிக்கொண்டு போனது. கால்வாய் ஓரமாகக் கன்று வைத்தார்கள். காடு திரும்பி வந்தது! (கைதட்டல்)

நடுவர் ஐயா, தண்ணிக்கு உள்ளே வர வழி இருந்தது, வெளியே போக வழி இல்லை, அதனால் காடு செத்தது. இதே கணக்குதான் ஜனங்களுக்கும். நான் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா சண்டைக்கு வருவாங்க. ராட்டினம் எண்ணி மாளலை. எழுபது வயசு மனுஷி உக்கார ஒரு பெஞ்சைத் தேடி நான் கால் கிலோமீட்டர் நடந்தேன். எங்க அம்மா கேட்டாங்க, “ஏண்டா, காசு குடுத்து நிக்கிறதுக்கா வந்தோம்?”னு. (சிரிப்பு)

எதிரணித் தங்கச்சி ஒண்ணு டிஸ்னிலேண்ட், டிஸ்னிலேண்ட்னு பத்து தரம் சொல்லிச்சு. நல்லா சொல்லிச்சு. ஆனா முதல் நாள் கதையைச் சொல்லாம விட்டுடுச்சு. 1955 ஜூலை 17. டெலிவிஷன்ல நேரடி ஒளிபரப்பு. அழைத்தவர்கள் வந்தார்கள், கள்ள டிக்கெட் வைத்திருந்தவர்களும் வந்தார்கள். கொளுத்துகிற வெயில். பிளம்பர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால் குடிதண்ணிக் குழாய்கள் பலதில் தண்ணி வரவில்லை. புதுசாகப் போட்ட தார் இளகி, அம்மாக்களுடைய குதிகால் செருப்பு அதில் புதைந்தது. வால்ட் டிஸ்னி மறுநாளே பக்கத்து நிலத்தை வாங்கப் போனாரா? குழாயைச் சரி பண்ணினார், ரோட்டைச் சரி பண்ணினார்.

உடனே எதிரணியிலிருந்து குரல் வருது, “அப்புறம் ஃபுளோரிடாவுல வாங்கினாரே!”னு. வாங்கினார் தங்கச்சி, மறுக்கலை. கலிஃபோர்னியாவில் அவருக்கு இருந்தது சுமார் 160 ஏக்கர். கதவைத் தாண்டினால் கண்ட கண்ட லாட்ஜும் கடையும் வந்து நெருக்கிவிட்டது. அந்த எரிச்சலில்தான் ஃபுளோரிடாவில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் வாங்கினார்கள். அத்தனையிலும் ராட்டினமா போட்டான்? வேலிக்கு வெளியே வேறு எவனும் வந்து கழுத்தை நெரிக்காமல் இருக்க வாங்கினான். அந்த மாதிரி பிச்சாவரத்தைச் சுத்தி ஒண்ணும் கட்டாத இடம் வேணும்னு நீங்க கேட்டா, நான் இப்பவே மேடையில் அந்தப் பக்கம் வந்து உக்காருகிறேன். கேக்க மாட்டீங்களே! (கைதட்டல்)

பாரிசுக்குப் பக்கத்தில் 1992-ல் அதே கம்பெனி ஒரு பூங்கா திறந்தது. உள்ளே ஒயின் கிடையாது என்றார்கள். பிரெஞ்சுக்காரனிடம் போய்ச் சாப்பாட்டோடு ஒயின் கிடையாது என்பது, சிதம்பரத்துக்காரனிடம் சம்பா சாதம் உண்டு, கத்தரிக்காய் கொத்சு கிடையாது என்று சொல்வது மாதிரி. (பலத்த சிரிப்பு) நான் குடியை ஆதரிக்கலை, தாய்மார்கள் தப்பா நினைக்காதீங்க. கம்பெனி அடுத்த வருஷமே அந்த விதியை மாற்றிக்கொண்டது. நான் சொல்ல வர்றது, வர்ற ஜனம் யாருன்னு பார்த்து இடத்தைச் சரி பண்ணு. இங்கே வர்றது குடும்பம். தாத்தா, பாட்டி, பால் குடிக்கிற குழந்தை. குழந்தை அளவுக்கு மிதவைச் சட்டை வேணும். பொம்பளைங்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேணும். கீத்து போட்ட நிழல் வேணும். எந்த நேரத்தில் ஓதம் ஏறி இருக்கும், எப்போ குறுகின கால்வாய்க்குள்ளே படகு போகும் என்று பலகையில் எழுதிப் போட்டு, அதற்குத் தகுந்த மாதிரி சீட்டு கொடுக்க வேணும். இதில் எதற்கும் ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாம்.

எதிரணியின் பெரிய ஆயுதம் வேலைவாய்ப்பு. விரிவாக்கினா வேலை பெருகும்னாங்க. துடுப்புப் படகு ஒண்ணுக்கு ஒரு ஆள் வேணும் ஐயா. கேபிள் காருக்கு ஒரு பட்டன் போதும். அந்தத் துடுப்புக்காரர் யாரு? கிள்ளையிலேயும் சுத்துப்பட்டுக் கிராமங்கள்லேயும் பிறந்தவர். வேர் பின்னிக் கிடக்கிற கால்வாய்க்குள்ளே குனிஞ்சுக்கோங்கம்மான்னு சொல்லிக்கிட்டே கொண்டுபோவார். அந்தச் சந்துக்குள்ளே பெரிய மோட்டார் படகு நுழையாது. நுழைய வைக்கணும்னா வெட்டி அகலப்படுத்தணும். அகலப்படுத்தினா, மக்கள் எதைப் பார்க்க வந்தாங்களோ அது இல்லை. இன்னொரு பக்கம் இருளர் ஜனங்க. இடுப்பளவு தண்ணியில் இறங்கி, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாங்க. பனையோலைப் பறியைப் பல்லால் கடிச்சுக்கிட்டு, பிடிச்ச இறாலை அதுல போடுவாங்க. அந்த வேருக்கடியில்தான் இறால் குஞ்சு வளருது. அவங்க வேலையை எந்தக் கணக்குல எழுதினீங்க அண்ணே? (கைதட்டல்)

இப்ப ஒண்ணு சொல்றேன், இதுல சிரிக்க ஒண்ணுமில்லை. 2004 டிசம்பர் 26. கடலூர்க்காரங்களுக்கு நான் அந்தத் தேதியை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்தில் நின்று பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அடுத்த வருஷம், 2005-ல், ‘சயின்ஸ்’ என்ற உலகப் பத்திரிகையில் ஒரு ஆய்வு வந்தது. வேறு எந்த ஊரைப் பற்றியும் இல்லை, நம்ம கடலூர் மாவட்டக் கரையைப் பற்றி. மரம் இல்லாத கரையில் இருந்த கிராமங்கள் சிதைந்தன. மரக் கூட்டத்துக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் பிழைத்தன. காடு இருந்தா சுனாமியே வராதுன்னு நான் சொல்லலை. அலை வரும். வீட்டு வாசலுக்கு வர்றப்போ அதுக்கு எவ்வளவு பலம் மிச்சம் இருக்கும்கிறதுதான் கேள்வி. அண்ணன் கேட்ட ஓட்டல், தங்கும் விடுதி, கண்ணாடிப் பாலம் எல்லாத்தையும் கடல் பக்கம் கட்டினா, அடுத்த தரம் ஓட்டலுக்குப் பின்னால் ஒளிஞ்சுக்க முடியுமா? (அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

ஊர் வளர வேண்டாமா, சிதம்பரம் வளரலையான்னு அந்தத் தங்கச்சி கேட்டுச்சு. வளர்ந்துச்சு. சிதம்பரத்துக்குப் பழைய பேர் தில்லை. தில்லைங்கிறது ஒரு மரம். கிளையை ஒடிச்சா பால் வரும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. நடராஜர் கோயிலோட தல மரம் அது. ஊரெல்லாம் தில்லைக் காடா இருந்துச்சுங்கிறாங்க. இன்னிக்கு என் பேத்திக்குத் தில்லை மரத்தைக் காட்டணும்னா நான் எங்கே போறேன் தெரியுமா? சிதம்பரத்துலேருந்து பஸ் ஏறிப் பிச்சாவரம் போறேன்!

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரே நிமிஷம் ஐயா. ஓட்டல் கட்டணுமா, சிதம்பரத்துல கட்டுங்க, நாலு வீதி இருக்கு, கீழ வீதியிலேருந்து வண்டி விடுங்க. ராட்டினம் வேணுமா, அண்ணன் ஊர்லேயே சில்வர் பீச் இருக்கு, மணல் இருக்கு, அங்கே போடுங்க, நானே முதல் டிக்கெட் வாங்கி ஏறுகிறேன். எங்க அம்மாவுக்கு மட்டும் ஒரு பெஞ்சு போட்டு வையுங்க. (சிரிப்பு, கைதட்டல்)