அழகுச் சந்தையும் உழைக்கும் பெண்ணின் உடலும்

(பெங்களூருவில் பெண் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1996 நவம்பர் 23 அன்று இதே நகரின் சின்னசாமி மைதானத்தில் உலக அழகிப் போட்டி நடந்தது. எதிர்ப்பு வலுத்ததால் நீச்சல் உடைச் சுற்று சீஷெல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. எதிர்த்தவர்கள் இரு வகையினர். பண்பாடு கெடுகிறது என்று சொல்லிப் பெண்ணை மீண்டும் வீட்டுக்குள் பூட்ட நினைத்தோர் ஒருபுறம். பெண்ணுடல் சரக்காக்கப்படுவதைக் கண்டித்த ஜனநாயக மாதர் இயக்கம் மறுபுறம். இரண்டும் ஒன்றல்ல. மாதர் இயக்கம் எதிர்த்தது உடையை அல்ல, விற்பனையை.

அந்த விற்பனை இன்று வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. உடல் குறையுடையது என்று முதலில் நம்பவைப்பது, பிறகு அக்குறைக்கு மருந்து விற்பது: இதுவே அதன் முறை. 2022 மே மாதம் பெங்களூருவில் கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். வயது 21. 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ என்னும் ஊசி மருந்து இந்தியச் சந்தைக்கு வந்தது. அப்போது மிகக் குறைந்த அளவின் விலையே வாரத்துக்கு 3,500 ரூபாய், மாதத்துக்கு 14,000 ஆக இருந்தது. தையல் ஆலைப் பெண்கள் பலரின் மாதச் சம்பளம் அதை எட்டவில்லை.

எடை வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. அது வேலைப் பிரச்சினை. எடை கூடியதற்காகப் பறக்கும் பணியிலிருந்து இறக்கப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்களின் வழக்கை 2008இல் டில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கிலோக் கணக்கில் பிழைப்பு நிறுக்கப்பட்டது.

ஆனால், உடல்பருமன் என்பதே முதலாளிகளின் கட்டுக்கதை என்று ஒதுக்குவதும் தவறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 24 பேர் அதிக எடை உள்ளவர்கள். ஏறத்தாழ 19 பேர் எடை குறைந்தவர்கள். 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். பருத்த உடலிலும் ரத்தசோகை இருக்கிறது. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. பருப்பும் காய்கறியும் விலையேற, தட்டில் சோறு மட்டுமே மிஞ்சுகிறது. நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் அமர்ந்து, கழிப்பறைக்கு அனுமதி கிடைக்காது என்று தண்ணீரும் குடிக்காமல், வீடு திரும்பி அடுப்படியில் நிற்பவளிடம் 'தினமும் நடைப்பயிற்சி செய்' என்பது அறிவுரையா, ஏளனமா? அவள் தைக்கும் மெல்லிய ஆடையின் அளவில் அவளுக்கே இடமில்லை.

இயக்கத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப்போகும் இடத்தில் 'கொஞ்சம் குண்டு' என்று முகம் சுளிப்பவர்களில் தோழர்களின் குடும்பங்கள் இல்லையா? மேடையில் சமத்துவம், வீட்டில் தராசு என்பது பொருந்தாது.

உடல்பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அதை அமலாக்கக் கோர வேண்டும். ரேஷனில் பருப்பும் சிறுதானியமும், ஆலையில் இடைவேளையும் கழிப்பறையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசப் பரிசோதனையும் கோரிக்கைகளாக வேண்டும்.

2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதிக்காகச் சாலையில் இறங்கி, ஒன்றிய அரசைப் பின்வாங்கச் செய்தவர்கள் இந்நகரத்தின் தையல் ஆலைப் பெண்களே. அன்று அவர்களை எந்தத் தராசும் நிறுத்துப் பார்க்கவில்லை. தங்கள் பலத்தை அவர்களே காட்டினார்கள்.