சம்பளம் அவளோடது, கணக்கு யாரோடது?

(பேச்சு வடிவம் வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இந்த எபிசோட்ல மூணு கருப்பு வெள்ளைப் படங்களோட கதையைப் பேசப் போறேன். மூணுலயும் ஒரு பெண் வேலைக்குப் போறா. வீடு அவ சம்பளத்தை நம்பி இருக்கு. நடுவுல ஒரு காதலோ கல்யாணமோ இருக்கு. இந்த மாதிரிக் கதையைப் பார்த்ததும் நாம ஒரு பட்டிமன்றம் ஆரம்பிச்சிடுவோம்: பெண்ணுக்குக் காதல் முக்கியமா, வேலை முக்கியமா? எனக்கு அந்தத் தலைப்பு மேலேயே சந்தேகம். காதல் எந்த இடத்துல உடையுதுன்னு நிதானமா பாருங்க. வீட்டு ஆளுங்க யாராவது அங்க நின்னுட்டு இருப்பாங்க.

முதல்ல நீதா. 1960ல ரித்விக் கட்டக் எடுத்த வங்காளப் படம், 'மேகே தாக்கா தாரா'. மேகம் மூடிய நட்சத்திரம்னு அர்த்தம். பிரிவினையில கிழக்கு வங்காளத்தை விட்டு வந்து, கல்கத்தா ஓரத்துல அகதிக் குடியிருப்புல வாழற குடும்பம். அப்பா வாத்தியார். அண்ணன் சங்கர் நாள் முழுக்கப் பாட்டுப் பயிற்சி, சம்பாத்தியம் கிடையாது. நீதா படிச்சுக்கிட்டே டியூஷன் எடுக்கறா. ஆரம்பத்துலயே அவ செருப்பு வார் அறுந்துடும். கையில காசு வந்த அன்னைக்கு வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு கேட்கறாங்க. அவளும் கொடுக்கறா. செருப்பு அப்படியே கிடக்கு.

அப்பறம் அப்பாவால சம்பாதிக்க முடியாம போகுது. நீதா படிப்பை விட்டுட்டு ஆபீஸுக்குப் போறா. காதலன் சனத் கிட்ட, கொஞ்சம் பொறுக்கலாம்ங்கறா. அவன் பொறுக்கல, தங்கச்சி கீதாவைக் கட்டிக்கறான். இதுல என்னை ரொம்ப உலுக்கினது அவங்க அம்மா. மூத்தவ கல்யாணமாகிப் போயிட்டா அடுப்பு எரியாதுன்னு அந்த அம்மாவுக்குத் தெரியும். அதனால சின்னவ பக்கம் அவன் சாயறது அவங்களுக்குச் சௌகரியமாவே இருக்கு. அவங்களைக் கொடுமைக்காரின்னு சொல்ல எனக்கு மனசு வரல. பசிக்கு நடுவுல கணக்குப் போடறாங்க. ஆனா அந்தக் கணக்குல நீதா ஒரு வரவு மட்டும்தான். கடைசியில காசநோய் வந்து ஷில்லாங் சானடோரியத்துல இருக்கும்போது, வாழணும்னு தனக்கு இருந்த ஆசையை அண்ணன் கிட்ட அவ கதறிச் சொல்றா. படம் முழுக்க அவ தனக்குன்னு வாய்விட்டுக் கேட்டது கிட்டத்தட்ட அது ஒண்ணுதான்.

அடுத்து நம்ம கவிதா. 1974, கே. பாலசந்தரோட 'அவள் ஒரு தொடர்கதை'. சுஜாதா நடிச்சிருப்பாங்க. அப்பா குடும்பத்தை விட்டுட்டுப் போயிட்டார். அண்ணன் குடிக்கறான், அவன் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கும் சேர்த்து இவ சம்பாதிக்கணும். கணவனை இழந்த தங்கச்சி, பார்வை இல்லாத தம்பி. நீதா மாதிரி இவ வாயை மூடிக்கிட்டு இருக்கற ஆள் கிடையாது. சுள்ளுனு பேசுவா. வீடே பயப்படும். இவளுக்கும் ஒரு காதலன் இருக்கான், இவளும் காத்திருக்கச் சொல்றா, அவனும் தங்கச்சி பக்கம் போயிடறான். இவளே முன்னாடி நின்னு அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கறா. கடைசியில மறுபடியும் வேலைக்குக் கிளம்பறா. தலைப்பே அதுதானே.

ஒருத்தி அமைதி, ஒருத்தி கோபக்காரி. முடிவு என்னவோ ஒண்ணுதான். அப்போ குணத்துல பிரச்சினை இல்ல. 'வேலைக்குப் போனா பொண்ணுக்குத் திமிர் வந்துடும், குடும்பம் நடத்தமாட்டா'ன்னு ஊர் சொல்லும். இந்த ரெண்டு பேருக்கும் சுதந்திரம் அதிகமாகி வாழ்க்கை கெட்டுப்போகல. அவங்களை நம்பி உட்கார்ந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. அதுக்கு நாம வச்ச பேர் 'தியாகம்'. தியாகின்னு பேர் வச்சுட்டா அப்பறம் யாரும் கணக்குக் கேட்கவேண்டியதில்ல, பாருங்க.

நானும் மாசம் பொறந்தா வீட்டுக்குப் பணம் அனுப்பறவதான். சந்தோஷமாத்தான் அனுப்பறேன். ஆனா கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் 'தம்பி படிப்பு முடியட்டுமே'ன்னு ஒரு வரி வீட்டுல வந்து விழும். முன்னெல்லாம் அது சாதாரண வரியாத்தான் காதுல விழுந்தது. இந்தப் படங்களுக்கு அப்பறம் அதைக் கேட்டா, நீதாவோட அம்மா குரலும் சேர்ந்து கேட்குது.

மூணாவது, ஆரத்தி. 1963, சத்யஜித் ராயோட 'மகாநகர்'. நரேந்திரநாத் மித்ராவோட கதை. ராய்க்குப் பெர்லின் விழாவில சிறந்த இயக்குநர் விருது வாங்கிக் கொடுத்த படம். புருஷன் சுப்ரதா பேங்க் குமாஸ்தா, சம்பளம் பத்தல. ஆரத்தி வீடு வீடாப் போய் பின்னல் மெஷின் விக்கற வேலைக்குச் சேர்றா. முதல் சம்பளத்தை வாங்கிட்டு, ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு நோட்டையும் தன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பா. அந்தச் சில நொடி அந்தப் பணம் முழுக்க அவளோடது. வீட்டுக்கு வந்ததும் பங்கு பிரிஞ்சிடும்.

மாமனாருக்கு மருமக காசு அவமானம். புருஷனுக்கு உள்ளுக்குள்ள பயம், வேலையை விடச் சொல்றான். அவ விடத் தயாராகிற நேரத்துல அவன் பேங்க் மூழ்கிடுது, உடனே விடாதேங்கறான். சேர்றது, விடறது, விடாம இருக்கறது, எல்லாமே வீட்டுத் தேவைக்கு ஏத்தபடி நடக்குது. அதுக்கப்பறம்தான் திருப்பம். கூட வேலை பார்க்கற ஆங்கிலோ இந்தியப் பெண் ஈடித்தை, நடத்தை சரியில்லன்னு சொல்லி முதலாளி வேலையை விட்டு அனுப்பறார். ஆரத்தி நியாயம் கேட்கறா. அவர் மசியல. குடும்பத்துக்கு இவ சம்பளம் ஒண்ணுதான் வழின்னு தெரிஞ்சும் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துட்டு வெளியே வர்றா.

அந்த முடிவு சரியா தப்பான்னு ரொம்ப நேரம் சண்டை போடலாம். நான் கவனிக்கறது வேற: அந்த வேலை விஷயத்துல அவ யாரையும் கேட்காம எடுத்த முதல் முடிவு அதுதான். கீழே புருஷன் நிக்கறான். அவன் திட்டல. அந்தப் பெரிய நகரத்துல ரெண்டு பேரும் வேலை தேடக் கிளம்பறாங்க. மூணு கதையில காதல் பிழைச்சது இங்கதான். அதுவும் எப்போ? அவ சம்பளத்தை இழந்த பிறகும் அவ அவளாவே இருக்கலாம்னு ஒருத்தன் ஒத்துக்கும்போது.

அதனால அடுத்த தடவை யாராவது 'உனக்கு வேலையா, காதலா'ன்னு கேட்டா, பதில் தேடி மூளையைக் கசக்காதீங்க. என் சம்பளம் நின்னா இந்த வீட்டுல யார் எழுந்து வேலைக்குப் போவாங்கன்னு திருப்பிக் கேளுங்க. அதுக்கு வர்ற பதில்லயே பாதி கதை தெரிஞ்சிடும்.

உங்க வீட்டுல என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.