அயர்லாந்திலிருந்து வந்ததும் வராததும்

(தூத்துக்குடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அயர்லாந்து அரசியலைப் பத்தித் தூத்துக்குடியில பேச என்ன இருக்குன்னு வரும்போதே ஒரு தோழர் கேட்டார். இருக்கு. இந்த ஊர்ல ஒரு ஐரிஷ்காரருக்கு நினைவு மண்டபமே இருக்கு. ஆஷ் துரை. 1908இல் இங்கே சப்-கலெக்டராக இருந்து, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்குவதில் முன்னால் நின்றவர். 1911 ஜூன் 17 அன்று, திருநெல்வேலி கலெக்டராக இருக்கும்போது, மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம்ம மேடைகள்ல ஒரு கதை சொல்றது உண்டு. பிரசவ வலியில் துடித்த சேரிப் பெண்ணை அக்ரகாரத் தெரு வழியாக வண்டியில் கொண்டுபோனார் ஆஷ், அதனால்தான் கொன்றார்கள் என்று. இதற்கு யாரும் ஆவணம் காட்டியதில்லை. சான்று இல்லாத கதை மேல் நம் அரசியலைக் கட்ட வேண்டாம். கட்ட வேண்டிய தேவையும் இல்லை. வாஞ்சியிடம் இருந்த கடிதமே போதும். மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சன் ஆள்வதா என்றும் சனாதன தர்மம் அழிகிறதே என்றும்தான் அது கொதிக்கிறது. அந்த விடுதலையில் சேரிக்கு என்ன இடம் என்பதை அதிலேயே படித்துக்கொள்ளலாம். அதுக்காக ஆஷ் நமக்கு மாமனா, மச்சானா? அடிமைப்பட்ட நாட்டில் பிறந்தவர், இன்னொரு அடிமை நாட்டின் மில் தொழிலாளியை அடக்க வந்தார். அவ்வளவுதான்.

ஆஷ் தனியாக வரவில்லை. அதே காலத்தில் அயர்லாந்திலிருந்து சில அரசியல் ஆயுதங்களும் இங்கே வந்தன. அவற்றில் மூன்றைப் பற்றிப் பேசுகிறேன். பிறகு, வராமல் போன ஒன்றைப் பற்றி.

முதலாவது, பாய்காட். அது ஒரு ஆளோட பேர். மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை மேய்த்த ஏஜெண்ட், கேப்டன் பாய்காட். 1880இல் குத்தகையைக் குறைக்கக் கேட்ட உழவர்களை நிலத்தை விட்டு வெளியேற்றப் பார்த்தார். நிலச் சங்கத்தார் அவரை அடிக்கவில்லை. வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள், கடைக்காரர் சாமான் தரவில்லை, யாரும் பேசவில்லை. விளைந்ததை அறுக்க வடக்கே அல்ஸ்டரிலிருந்து ஐம்பது பேரைக் கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் கேப்டன் ஊரை விட்டே போனார்.

இதே ஆயுதத்தை 1908இல் தூத்துக்குடியும் எடுத்தது. பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. சுதேசிக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, பாதியிலேயே எழுந்து போய்விட்டார் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, அந்தக் கத்தி நம்ம கிராமத்துல என்ன செய்தது? சேரிக்காரன் தலையில் வைக்க மாட்டேன் என்றது. அதுவும் அந்தத் தொழிலாளி விரும்பிச் செய்ததா? மீறினால் அவருக்கும் ஊரில் பிழைப்பு இல்லை. ஊர்க்கட்டுப்பாடு என்று பெயர். கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, பொதுவழி கிடையாது. மேயோவில் உழுகிறவன் ஏஜெண்டுக்கு எதிராக எடுத்ததை, இங்கே நிலம் வைத்திருப்பவன் கூலிக்காரனுக்கு எதிராக எடுத்தான். பெயர் ஒன்று, திசை நேர் எதிர்.

1997ஐ நினைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்துக் கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்க சாதி. கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். ஒரு தலித்தின் பெயரைத் தாங்க முடியாமல் வ.உ.சி. பெயரையும் சேர்த்தே இழந்தார்கள். 2011இல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வந்தது. சுந்தரலிங்கம் பெயர் போட்ட பஸ் திரும்பி வரவில்லை. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் வன்கொடுமைக் குற்றம் என்று தெளிவாக எழுதிய திருத்தச் சட்டம் 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது, ஹோம் ரூல். அயர்லாந்தின் கோரிக்கையை அதே பெயரில் 1916 செப்டம்பரில் சென்னையில் தொடங்கினார் அன்னி பெசன்ட். சுயராஜ்யம் கேட்ட அதே அம்மையார்தான் 1909இல், தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது, அவர்கள் உடம்பு சுத்தமில்லை என்று எழுதினார். வீட்டில் நம்மைச் சேர்க்காதவர்கள் வீட்டாட்சி கேட்டால் நாம் என்ன சொல்வது? 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், யாருடைய சுதேசியம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1917இல் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது ஆதிதிராவிட அமைப்புகள், அதிகாரத்தை மேல்சாதிக்காரர் கையில் ஒப்படைக்காதே என்று மனு கொடுத்தன. இதைத்தான் 'வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தார்கள்' என்று பாடம் நடத்துகிறார்கள்.

அயர்லாந்திலும் ஒரு சிறுபான்மை இருந்தது. அல்ஸ்டர் புராட்டஸ்டண்டுகள். என்ன பாதுகாப்பு வேண்டுமோ கேளுங்கள், தருகிறோம் என்றார் ஐரிஷ் கட்சித் தலைவர் ரெட்மண்ட். எந்த நிபந்தனையிலும் உங்கள் ஆட்சி எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் முகத்தில் அடித்தார்கள். 1914இல் கப்பலில் துப்பாக்கி இறக்கினார்கள். நாட்டையே இரண்டாக்கினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இதை எடுத்துக்காட்டி, இந்தியச் சிறுபான்மையினரைக் குறை சொல்கிறவர்கள் அல்ஸ்டரைப் பார்க்கட்டும் என்றார். நாம் நாட்டைப் பிரிக்கச் சொன்னோமா? துப்பாக்கி இறக்கினோமா? நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்று மட்டும்தானே கேட்டோம்?

அதற்கு வந்த பதில்தான் மூன்றாவது ஆயுதம், உண்ணாவிரதம். பட்டினி கிடப்பது இங்கே பழைய வழக்கம்தான். ஆனால் ஒரு கைதியின் பட்டினி பேரரசையே சங்கடப்படுத்தும் என்று உலகத்துக்குக் காட்டியவர் கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினி. 1920இல் லண்டன் சிறையில் 74 நாள் கிடந்து செத்தார். ஆயுதம் இல்லாதவன் தன் உடம்பையே ஆயுதமாக்கினான். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தியும் பட்டினி கிடந்தார். யாருக்கு எதிராக? தீண்டப்படாதவருக்குக் கிடைத்த தனித்தொகுதிக்கு எதிராக. அவர் உயிர் போயிருந்தால் எந்தச் சேரி மிஞ்சியிருக்கும்? அந்த மிரட்டலில் கையெழுத்தானது பூனா ஒப்பந்தம். 71 இடம் 148 ஆனது உண்மை. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கிற கை மாறிப்போனது.

அதன் விளைவை நாம் இன்றும் சுமக்கிறோம். மேலவளவில் தலைவர் பதவிக்கு வந்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டினார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த விடவில்லை. வட அயர்லாந்தில் ரத்தம் சிந்திய முப்பது ஆண்டுக்குப் பிறகு, 1998 ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்துதான் அமைச்சரவை, முக்கிய முடிவுக்கு இரண்டு தரப்பின் சம்மதமும் வேண்டும் என்று எழுதினார்கள். அது பல தடவை முடங்கியது. அதை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. ஆனால் எண்ணிக்கை மட்டும் ஜனநாயகம் இல்லை என்பதை அவர்கள் சட்டமாகவே ஒத்துக்கொண்டார்கள்.

இனி, வராமல் போனது. அது நிலம்.

பாய்காட் விரட்டப்பட்டதோடு அயர்லாந்து நிற்கவில்லை. 1881 சட்டம் நியாயக் குத்தகையை நிர்ணயித்தது. 1903 சட்டத்தில் அரசே பணம் போட்டு நிலப்பிரபுக்களிடம் வாங்கி, உழுதவனுக்குக் கொடுத்து, நீண்ட தவணையில் திருப்பி வாங்கியது. நிலமில்லாக் கூலிகளுக்காக 1883இல் தனிச் சட்டம் வந்தது. வீடும் அரை ஏக்கர் மனையும் கொடுக்கச் சொன்னது அது. முதல் உலகப் போருக்குள் சுமார் 40,000 வீடுகள் எழும்பின. கூலிக்காரனுக்கு அங்கேயும் கடைசிப் பந்திதான். ஆனாலும் இலை விழுந்தது.

நமக்கு? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் பட்டாவில் இருக்கிறது? கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். இந்தக் கடற்கரையில் முத்துக் குளித்தவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு என்று சர்க்கார் கணக்கு இருந்தது. வயலில் குனிந்தவருக்கு அப்படி எழுதிய பங்கு எங்கே இருந்தது? கொஞ்சம் பேர் வளைகுடா போய்ச் சம்பாதித்து நிமிர்ந்த ஊர் கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் படை புகுந்து வீடுகளை உடைத்துச் சூறையாடியது.

அயர்லாந்தின் 1937 அரசியல் சட்டத்திலிருந்து வழிகாட்டும் நெறிகள் என்கிற பகுதியையும் வாங்கிக்கொண்டோம். நலிந்தவரைக் காப்பாய் என்று 46ஆம் பிரிவு சொல்லும். இதற்காக நீதிமன்றம் போக முடியாது என்று 37ஆம் பிரிவு கதவைச் சாத்தும். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோது, நிலம் அரசுடைமை என்பதை அரசியல் சட்டத்திலேயே உறுதியாக்கக் கேட்டார் அம்பேத்கர். அதை விட்டுவிட்டார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது விடுதலை, புறக்கணிப்பு, தியாகம் என்று பேசினால், யாருக்கு எதிராக என்று கேளுங்கள். முடிவில் நிலம் யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். கேட்டதோடு நிற்காதீர்கள். உங்கள் தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பழைய நிலப் பதிவேடுகளைக் கேளுங்கள். எந்தெந்த சர்வே எண் நிபந்தனையோடு நமக்குக் கொடுத்த நிலம், இப்போது யார் பேரில் இருக்கிறது என்று ஊர் வாரியாக எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோட வாங்க. அதை வச்சுப் பேசுவோம்.