அழையாமல் வரும் புதுப்பிப்பு

தலவாக்கலையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் இருள் கவிந்து, மூடுபனி லயங்களின் கூரைவரை இறங்கிவிட்ட பின்னரும், சில வீடுகளில் ஒரு சிற்றொளி அணையாதிருக்கும். அது விளக்கின் ஒளி அன்று. கணினித் திரையின் ஒளி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தியோ, வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன் ஒருவனோ அதன் முன் அமர்ந்திருக்கக்கூடும். பல வீடுகளில் அந்தக் கணினி மற்றொருவர் பயன்படுத்தி விற்றது. அதற்கு இணையத்தை ஊட்டுவது கைத்தொலைபேசி. பகலுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று பங்கிட்டு விற்கப்படும் தரவை அளந்து வாங்கி, அளந்தே செலவிடுகிறார்கள்.

இந்நிலையில், விண்ணப்பத்தை அனுப்பும் தறுவாயில் தரவு தீர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவிட்டவர் யார்? வீட்டில் ஒருவருமில்லை, கணினியேதான். அதன் இயங்குதளம் தனக்கு வேண்டிய புதுப்பிப்பை எவரையும் கேளாமல் இறக்கிக்கொண்டது. இதனை அடியோடு நிறுத்திவிட வழியில்லையா என்ற கேள்வி எழுவது இயல்பே. கேள்வி நியாயமானது, விடைதான் சற்று நிதானமாக ஆராயத்தக்கது.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகள் யாவற்றையும் ஆட்டிவைக்கும் அடிப்படை நிரல். வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் காணப்படுவது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். கோடிக்கணக்கான வரிகளால் ஆன அந்த நிரலில் பிழைகள் ஒளிந்திருப்பது தவிர்க்க முடியாதது. அப்பிழைகளுட் சில, கள்வன் நுழைவதற்கேற்ற பொந்துகளாகவும் அமைந்துவிடுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்களையே புதுப்பிப்பு என்கிறோம். 2003ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையிலும் இவை வெளியாகி வருகின்றன. இலங்கை நேரப்படி அது செவ்வாய் இரவாகும்.

முற்காலத்தில் இத்திருத்தங்களை ஏற்பதும் தள்ளுவதும் பயனரின் விருப்பமாக இருந்தது. 2015ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10, வீட்டுப் பதிப்பினருக்கு அந்த விருப்பத்தை மறுத்தது. புதுப்பிப்பு தானே வந்தது, தானே நிறுவிக்கொண்டது, வேலை நடுவே கணினியை அணைத்து எழுப்பவும் செய்தது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 2019ஆம் ஆண்டு மே மாதப் பதிப்பில்தான், 35 நாள்கள் வரை ஒத்திவைக்கும் உரிமை வீட்டுப் பயனருக்குக் கிட்டியது.

அக்குரல்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியான பெரும் புதுப்பிப்பு, சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாள்களுக்குள் மைக்ரோசொப்ட் அதன் விநியோகத்தை நிறுத்தி, பிழை நீக்கி, நவம்பரிலேயே மீண்டும் வெளியிட்டது. சில வாரங்கள் பொறுத்தவர் தப்பினார். மலையகத்தவருக்கு மேலும் ஓர் அச்சம் உண்டு. 150 மெகாவாற் ஆற்றலுடைய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை தலவாக்கலையிலேயே நிற்கிறது. ஆயினும் 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததை எவரும் மறந்திலர். புதுப்பிப்பு நிறுவப்படும் வேளையில் மின்சாரம் அறுபடின், பழைய கணினி மீண்டும் எழாமலே போகவும் கூடும்.

இத்தனை இடர்கள் இருக்க, முற்றாக நிறுத்திவிட்டால் என்ன? அதற்கு விடை கூறுகிறது 2017ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. விண்டோஸில் இருந்த ஒரு பெரும் பொந்தை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாள் வெளியாயிற்று. மே 12ஆம் நாள், அதே பொந்தின் வழியாக 'வனாகிரை' எனும் தீநிரல் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. பிரித்தானியாவில் மருத்துவமனைகளே நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. மருந்து வெளிவந்து இரு மாதங்கள் நிறைவதற்குள் நோய் வந்தது. மருந்தை ஏற்காதிருந்த கணினிகளையே அது பிடித்தது. எவரும் எதனையும் சொடுக்காமலே, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அது தானாகத் தாவியது என்பது கருதத்தக்கது.

தேயிலை மலையில் வாழ்வோருக்கு இது புதிய பாடமன்று. 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியது. நாம் பறிக்கும் அதே இளங்கொழுந்தையே அந்தப் பூஞ்சணம் தாக்கும். அதன் நுண்வித்துகள் காற்றில் பறந்து அடுத்த மலையிலும் விழும். தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இந்நோயை ஆராய்ந்து வந்துள்ளது. செம்பு சேர்ந்த மருந்தை மழைக்காலத்தில் முறை தவறாது தெளிப்பதே நெடுங்காலமாகக் கையாளப்பட்ட காப்பு. மருந்தடிப்பது செலவும் தொல்லையும் உடையதுதான். அதற்காக மருந்தையே கைவிட்ட தோட்டம் உண்டா? மழை கொட்டும் வேளையில் தெளிப்பதில்லை. மழைவிட்ட நேரம் பார்த்துத் தெளிப்பார்கள். நேரத்தைத் தெரிவது அறிவுடைமை. மருந்தை விலக்குவது அறியாமை. கணினிக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே, நேரத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் வழிகளை அறிவது நன்று. முதலாவது வழி தரவைக் காப்பது. 'செட்டிங்ஸ்' பகுதியில் இணைய இணைப்பின் பண்புகளைத் திறந்து, 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதை இயக்கிவிட்டால், இது அளந்து வாங்கும் இணைப்பு என்று கணினி உணரும். பெரும்பாலான புதுப்பிப்புகளைத் தானே இறக்காது. இரவுத் தரவு கிடைக்கும் வேளையில், பயனரே கட்டளையிட்டு இறக்கிக்கொள்ளலாம். கைத்தொலைபேசி ஒவ்வொன்றின் இணைப்புக்கும் இதனைத் தனித்தனியே செய்தல் வேண்டும்.

இரண்டாவது, 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் உள்ள 'போஸ் அப்டேட்ஸ்'. பரீட்சைக் காலத்திலோ, புதிய பெரும் புதுப்பிப்பு வெளியாகும் வேளையிலோ சில வாரங்கள் ஒத்திவைக்க இது உதவும். தவணை முடிந்ததும் நிலுவையில் உள்ளவற்றை ஏற்றல் வேண்டும். மூன்றாவது, 'அக்டிவ் அவர்ஸ்'. வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவைத்தால், அந்நேரத்தில் கணினி தானாக அணைந்து எழாது. ஆயினும் இது தரவிறக்கத்தைத் தடுக்காது. நிறுவும்போது மடிக்கணினியின் மின்கலம் நிறைந்திருப்பதும், முக்கியக் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி இருப்பதும் இன்றியமையாதவை.

புதுப்பிப்புச் சேவையையே முடக்கிவிடும் உபாயத்தைச் சிலர் கற்றுத் தருவர். அது மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும். தொல்லை தருவதும் காவல் காப்பதும் அதனால் ஒருங்கே நின்றுவிடும்.

ஈற்றில் ஒன்று. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான வழமையான இலவசத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பல பழைய கணினிகளுக்கு இல்லை. புதுப்பிப்பு நின்றால் போதும் என்று ஒருகாலத்தில் சலித்த வீட்டில், இன்று அது தானாகவே நின்றுபோகிறது. கைம்மாறி வந்த கணினியில் பிள்ளைகள் படிக்கும் மலையகத்தில், இதுவே பெரிய கவலை. அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கையும் கடவுச்சொற்களையும் கையாளாதிருப்பது நலம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை, விவரம் அறிந்தவர் துணையுடன் அதில் நிறுவுவதும் நலம்.

அழையாமல் வருவது எல்லாம் பகையல்ல. வரும் நேரத்தை வீட்டாரே வகுத்துக்கொண்டால், அது விருந்தாகவும் காவலாகவும் அமையும்.