படகுக்கும் ஒரு மனை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யவனர் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. மரக்கலம் ஏறி மிளகு நாடி வந்த அவர்களைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். நம் கரைக்கு வந்தோரின் கரை எத்தகையது என்று நாமும் ஒருமுறை காண வேண்டாவா? இன்று மனமென்னும் ஊர்தியில் அங்கே செல்வோம், பயணச்சீட்டு வேண்டுவதில்லை.

ஏதன்ஸ் நகரிலிருந்து பிரேயஸ் துறைமுகத்திற்கு 1869-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை இரயில்; அப்பால் கப்பல். ஈஜியன் கடலில் தெற்கு நோக்கிச் சென்று மீலோஸ் தீவை அடைகின்றோம். பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலையில் கையிழந்து நிற்கும் அழகுத் தெய்வத்தின் சலவைக்கல் சிலை, 1820-இல் இத்தீவில்தான் கிடைத்தது. அவ்விடத்திற்குக் கீழே, கடலோரத்தில் இருக்கின்றது கிளீமா என்னும் மீனவர் சிற்றூர்.

அங்குள்ள வீடுகளைக் காணுங்கள். கீழ்த்தளம் படகுக்கு, மேல்தளம் மனிதர்க்கு. செம்மையும் நீலமும் பச்சையும் தீட்டிய கதவுகளின் அடியிலேயே அலை வந்து மோதுகின்றது. இவ்வீட்டிற்குச் 'சிர்மா' என்று பெயர். இழுத்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. குளிர்காலத்துப் புயல் எழும்போது படகை உள்ளே இழுத்துக் காப்பர். நம் உழவர் மனையை ஒட்டித் தொழுவம் அமைத்ததை ஒத்தது இது.

அம்மரப்படகைக் 'கயீக்கி' என்பர். வரைபடமின்றி, முன்னோரிடம் கற்ற அளவும் தம் கண்ணுமே துணையாகத் தச்சர்கள் கட்டியது அது.

அன்பர்களே, இனிச் சொல்வது வருத்தந்தரும் செய்தி. கடலில் மீன்வளம் குன்றியது. எனவே 1990-களிலிருந்து ஐரோப்பியக் கூட்டமைப்பு, மீன்பிடி உரிமத்தைத் துறப்போர்க்குப் பணம் வழங்கியது. கடலுக்கு ஓய்வளிக்கும் நோக்கம் நன்றே. ஆனால் அதற்காகப் படகுகளை அழித்தனர். கிரேக்க நாட்டில் ஆயிரக்கணக்கான மரப்படகுகள் இயந்திரங்களால் நொறுக்கப்பட்டன. உரிமம் ஒரு தாள். அதை நீக்கினால் போதாதா? ஓய்வு பெறும் கார்டின் கைவிளக்கை அவர் கண்முன்னே உடைப்பாருண்டோ?

இன்று கிளீமாவில் படகு உறங்கிய அறைகள் பலவற்றில் சுற்றுலாப் பயணிகள் உறங்குகின்றனர். அதனையும் நாம் பழிப்பதற்கில்லை, அவ்வருவாயால் அடுப்பெரிகின்றது. ஆயின் அங்குச் செல்வோர் கதவின் வண்ணத்தைப் படமெடுப்பதோடு நில்லாமல், சிறு படகுகள் கொணரும் மீனை விலை கொடுத்து உண்ண வேண்டும். வலை பின்னும் முதியவரிடம் அவர் படகின் பெயரைக் கேட்க வேண்டும். எஞ்சியவை அழியாதிருக்க அதுவும் ஓர் உதவியாகும்.

பிழைப்பு நாடி ஊரை விட்டு வந்த நமக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. பூட்டிக் கிடக்கும் நம் ஊர் வீடுகளில் பாட்டனார் பிடித்த ஏரோ, தறியோ, உளியோ இன்னும் இருக்கின்றதா? இருப்பின், அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதன் பெயரையும் பயனையும் சொல்லிக் கொடுப்போமாக.