வழிகாட்டி பேசாத இடம்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான கரையோரத்தை ஒரே நாளிற் காட்டித் திரும்பும் சுற்றுலா வான்களில் ஏறுவோர் பலருக்கு அறுகம்பை மாத்திரமே இலக்கு. சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும் ஒலுவிலும் கண்ணாடிக்கு வெளியே ஓடும் தென்னைகளாகிவிடுகின்றன. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் காரைதீவு என்பதையேனும் யாராவது சொன்னால் அதிர்ஷ்டம்.

கடலென்றால் கண்ணுக்கு விருந்து என்று பழகிவிட்டோம். நமது பழைய இலக்கணம் அப்படி எண்ணவில்லை. மணலும் கழியும் புன்னையும் உள்ள அதே நிலத்துக்கு அது வகுத்த உரிப்பொருள் இரங்கல். ஐங்குறுநூற்றில் நெய்தலுக்கென நூறு பாட்டுப் பாடிய அம்மூவனார் கடலின் அழகையும் சொல்கிறார். ஆனால் அதைப் பெரும்பாலும் பார்ப்பது காத்திருப்பவளின் கண்.

அண்மையில் எமது உயர்தர வகுப்பு மாணவருடன் சென்ற பயணத்துக்கு வழிகாட்டியாக வந்தவர் கல்முனைக்குடிக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர், கரைவலைக் குடும்பத்துப் பிள்ளை. கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் வருடந்தோறும் நடக்கும் கொடியேற்றத்தைப் பற்றிச் சரளமாகச் சொன்னார். ஆண்டகை அடங்கியிருப்பது கடலுக்கு அப்பால், தமிழகத்து நாகூரில். கொடி இங்கும் ஏறுகிறது.

மணலிற் சிறிது தூரம் நடந்ததும் பேச்சு நின்றது. "சொல்லுங்களேன் தம்பி" என்றேன்.

"இதில நான் ஒண்டும் சொல்ற இல்ல, சேர். புள்ளைகள் பாத்திட்டு வரட்டும்."

2004 டிசெம்பர் 26, ஞாயிறு காலை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. எம் மாணவரோ அதன் பின் பிறந்தவர்கள்; படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாய் திறவாது நிற்பதைக் கண்ட ஒருத்தி கைத்தொலைபேசியைத் தாழ்த்தினாள். பிறகுதான் கேள்விகள் வந்தன. எவ்வளவு உயரம்? எதுவரைக்கும்? அவர் கையாற் காட்டினார். இரங்கலை நான் வகுப்பில் விளக்கிய நாட்களில் அவ்வளவு கேள்விகள் வந்ததில்லை.

பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணி வலித்துக் கண்டற் காட்டைக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். முதலை தெரியவில்லை என்று சிலருக்குக் குறை.

திரும்பும்போது எற்பாடு, தொல்காப்பியர் நெய்தலுக்குத் தந்த பொழுது. கீழைக் கரையிற் சூரியன் கடலில் மறைவதில்லை. தென்னைகளின் நிழல் நீண்டு அலையைத் தொடும். சுற்றுலாக் கையேடுகள் உதயத்தையே புகழ்வதால் இந்த வேளை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஒலுவிலில் வானை நிறுத்தினோம். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மணலின் ஓட்டத்தை மறித்ததில், அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டு, வாடி போட்ட நிலமும் தென்னைகளும் போய்விட்டன. தங்கள் நிலம் போனது பற்றி அவ்வூர் மீனவர் பல வருடங்களாக முறையிடுகிறார்கள். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இவ்விடத்தை நான் கண்டதில்லை.

இங்கே வழிகாட்டி பேசினார். தண்ணீரை நோக்கிக் கைநீட்டி, "அந்தா, அதிலதான் எங்கட மாமாட வாடி இருந்தது" என்றார்.