மாட்டுக்கும் இடம் கேட்போம்

(கட்டைபறிச்சானில் கால்நடை வளர்க்கும் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்துச் சங்கத்தாருக்குக் கட்டைபறிச்சானில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. மேலே எங்கள் மலைகள் சரிந்தன. மலையில் பெய்த மழை மகாவலியில் இறங்கியது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. மூதூர், வெருகல் பக்கம் வயலும் பட்டியும் வெள்ளத்தில் மூழ்கின.

லயத்தில் கறவை மாடு வைத்திருப்பவருக்கு, சம்பளம் போதாத மாதத்தில் பால் காசுதான் கடைக் கடனை அடைக்கிறது. உங்களுக்கும் பட்டிதான் சேமிப்பு. பிள்ளையின் படிப்பும் மகளின் கலியாணமும் அதில்தான் நிற்கின்றன. அதனால்தான் “வெளியேறுங்கள்” என்று ஒலிபெருக்கி சொல்லும்போது வீட்டுக்கு ஒருவர் பின்தங்குகிறார். அதைப் பிடிவாதம் என்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். மாட்டுக்குப் போக்கிடம் இல்லை, ஆகவே மனிதரும் போகவில்லை.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது, நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டோம் என்று பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மறு வருடமே, அவசரத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் ஊருக்குப் போடும் திட்டத்தில் ஆட்களோடு கால்நடைகளையும் எண்ணச் சொல்லி நாம் கேட்கவேண்டும்.

மாரிக்கு முன் நம் கையால் ஆகக்கூடியவை சில.

முதலாவது, கயிறு. மாடு நீந்தும், கட்டிய மாடு நீந்தாது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள். நாயின் சங்கிலிக்கும் இதே விதிதான். 2006இல் சண்டையால் இந்த ஊர்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன மாடுகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இரண்டாவது, நேரம். முதல் அறிவித்தலிலேயே பட்டியை மேட்டுக்கு ஓட்டுங்கள். தண்ணீர் வந்தபின் மாட்டைத் தேடி யாரும் இறங்கவேண்டாம். கன்றையும் ஆட்டையும் முதலில் கொண்டுபோங்கள். கோழிக்குக் கூடையைத் தயாராக வையுங்கள்.

மூன்றாவது, குளிர். 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் வெள்ளமே இல்லாமல் செத்தன. மழையில் நனைந்து, குளிர்காற்றில் வெட்டவெளியில் நின்றவை அவை. காற்று வரும் பக்கம் ஒரு தறப்பாள் மறைப்பு, காய்ந்த தரை, இரண்டு மூன்று நாளுக்கு வைக்கோல். இவ்வளவாவது வேண்டும்.

நான்காவது, அத்தாட்சி. காது இலக்கத் தகடு, கால்நடை வைத்திய அலுவலகப் பதிவு, மாட்டின் படம் ஆகியவற்றை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்ட அட்டையும் அதில் இருக்கட்டும். செத்த மாட்டைப் புதைக்குமுன் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் கால்நடை வைத்தியருக்கும் அறிவியுங்கள். எழுத்தில் இல்லாத மாட்டுக்கு நட்டஈடு கேட்பது கடினம். காணி உறுதி இல்லாத தோட்டத் தொழிலாளருக்கு இது இன்னும் கடினம்.

மிச்சம் அரசாங்கத்தின் கடமை. கட்டைபறிச்சானுக்குப் பட்டி ஏற்றக்கூடிய மேட்டு நிலம் ஒன்றைப் பிரதேச செயலகம் அடையாளம் காட்டவேண்டும். அங்கே குடிநீரும் தீவனமும் வேண்டும். நலன்புரி நிலையத்தின் முற்றத்தில் நாய்க்கும் ஆட்டுக்கும் ஒரு மூலை வேண்டும். மலையகத் தோட்டங்களிலும் இதையே கேட்கிறோம்.

இன்று கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே போய்விடாதீர்கள். வீட்டுக்கு வீடு எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை நாய் என்று எழுதப் போகிறோம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிரதேச செயலகப் படி ஏறவேண்டும். நாங்களும் கூட வருவோம்.